விலை மட்டும் கேட்டுப் போன சகுந்தலா அக்கா

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மில் வாசலில் முதல் லாரிக்கு எடைச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். காந்தி பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் காதர் பாய் போன் செய்தார். "வளர்மதி, நம்ம விலைக்காரம்மா போய்ட்டாங்கம்மா. விடியக்காலம் நெஞ்சு வலின்னு சொல்லியிருக்காங்க. ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிட்டுது" என்றார். எனக்கு உடனே அழுகை வரவில்லை. "யார் சொன்னாங்க பாய்? நீங்க நேர்ல பாத்தீங்களா?" என்று கேட்டேன். அவர், "சாவுல கூடவாம்மா சந்தேகம்?" என்றார்.

அது நியாயமான கேள்விதான். சகுந்தலா அக்காவை நான் ஆறு ஆண்டுகள் சந்தேகப்பட்டேன். அதன்பின் நான்கு ஆண்டுகள் பழகினேன். பழகிய நாட்களில் சந்தேகம் அடியோடு போய்விட்டது என்று இங்கே எழுதினால் அது பொய்யாகிவிடும். உள்ளதை உள்ளபடி எழுதாத எந்தத் தாளையும் அவர் மதித்ததில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அவரை அறிந்த கடைக்காரர்களும் எங்கள் சங்கத்துப் பெண்களும் படிப்பீர்கள். எங்காவது தவறியிருந்தால் சொல்லுங்கள்.

அவரை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அரசாங்கம் விலைவாசி எவ்வளவு ஏறியது, இறங்கியது என்று மாதாமாதம் கணக்குச் சொல்கிறதல்லவா, அந்தக் கணக்குக்காக ஊர் ஊராகக் கடைக்குப் போய் விலை கேட்டு எழுதுகிற ஆட்கள் இருக்கிறார்கள். செஞ்சியில் அந்த வேலையை ஓர் ஒப்பந்தக்காரரிடம் வாங்கிச் செய்தவர் சகுந்தலா அக்கா. நான் ஓர் அரிசி ஆலையில் எடைமேடை வேலை பார்க்கிறேன். நெல் அவித்துக் களத்தில் காயவைக்கும் பெண்களும், சாக்கு தைக்கும் பெண்களும் சேர்ந்து வைத்த சங்கத்துக்கு நான்தான் செயலாளர். இரண்டு பேருக்கும் பகை வருவதற்கு இதுவே போதுமானதாக இருந்தது.

அவரை முதன்முதலில் பார்த்தது காதர் பாய் கடையில். நான் கால் கிலோ துவரம்பருப்பு வாங்கப் போயிருந்தேன். ஐம்பதை எட்டிய, ஒல்லியான பெண் ஒருவர் துணிப்பையும் குடையுமாக நின்று, பருப்பு எந்த ரகம், உடைத்ததா, முழுசா, நேற்று என்ன விலை, பாக்கெட்டில் எத்தனை கிராம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குளியல் சோப்பு, தேங்காய் எண்ணெய், தீப்பெட்டி வரைக்கும் கேட்டார். கீரைக்கட்டு ஒன்றை எடுத்துத் தன் கையில் வைத்திருந்த சிறிய தராசில் மாட்டி எடை பார்த்தார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "வர்றேன் பாய்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு தீப்பெட்டிகூட வாங்கவில்லை.

"யார் பாய் இது?"

"ஆபீஸ்ல இருந்து வர்றாங்களாம். வெலை மட்டும் கேப்பாங்க. எனக்கும் இன்னான்னு புரியல. டேக்ஸ் ஆளா இருக்குமோன்னு நான் பயந்துகினு காபி வேற வாங்கிக் குடுத்தேன். குடிக்கல."

அந்தச் சமயத்தில் எங்கள் மில்லில் கூலிப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. பஞ்சப்படி என்று ஒன்று உண்டு. விலைவாசி ஏறுவதற்கு ஏற்ப அடிப்படைக் கூலியோடு சேர்த்துத் தரவேண்டிய தொகை. எங்கள் முதலாளி அதில் பாதிதான் தருவார். கேட்டால், "செஞ்சியில விலைவாசி கம்மி. மெட்ராஸ்ல இருக்கறவனுக்குக் குடுக்கறதை இங்க எப்படிக் குடுக்கறது? கவர்ன்மென்ட் கணக்கே அப்படித்தான் சொல்லுது" என்பார். கவர்ன்மென்ட் கணக்கை எழுதுவது யார் என்று நான் விசாரித்தேன். எல்லாரும் அந்தக் குடைக்காரப் பெண்ணைக் காட்டினார்கள்.

அந்த மாதமே இன்னொன்றும் நடந்தது. மில்லுக்குப் பின்னால் முதலாளிக்குச் சொந்தமான வரிசை வீடுகள் இருக்கின்றன. எங்கள் பெண்கள் நாலைந்து பேர் அவற்றில் வாடகைக்கு இருந்தார்கள். அந்தப் பக்கம் போனபோது முதலாளி வீட்டு வராந்தாவில் சகுந்தலா அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே முதலாளி. மேசையில் இரண்டு காபி டம்ளர். காதர் பாய் கொடுத்த காபியைக் குடிக்காதவர், இங்கே டம்ளரைக் கையில் எடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். எனக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமைச் சந்தையில் அவரைப் பிடித்தேன். ஆட்டுச் சந்தைக் கூட்டம் கலைந்து காய்கறிப் பக்கம் சூடு பிடித்திருந்த நேரம். கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்னால் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம், கத்தரிக்கா எவ்ளோன்னு எழுதினீங்க?"

நிமிர்ந்து பார்த்து, படிவத்தை நிதானமாக மடித்துப் பையில் வைத்தார். "அது காட்டக் கூடாதும்மா."

"ஏன் காட்டக் கூடாது? எங்க ஊரு கத்தரிக்காதானே?"

"கத்தரிக்கா உங்களுது. கணக்கு என்னுது இல்ல. அதனால காட்டக் கூடாது."

"கம்மியா எழுதறீங்கன்னு ஊர்ல சொல்றாங்க."

"அப்படியா? யார் சொன்னாங்க, எத்தனை பேர் சொன்னாங்க?" என்று கேட்டார். அவர் கேட்ட விதத்தில் கோபம் இல்லை. விலை கேட்பது போலவே கேட்டார். ஊர் என்று சொன்னாலும், சொன்னது நான் ஒருத்திதான். "என்னை நம்ப வேணாம்மா. யாரை நம்பினாலும் எடை போட்டுப் பாத்துட்டு நம்புங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்துவிட்டார். அந்த நிதானம் எனக்குத் திமிராகத் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மில் வாசல் கூட்டத்தில் நான் பேசியதைக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறீர்கள். "அந்தம்மா ஓனரோட ஆளு. அது கேட்டா யாரும் வாடகை சொல்லாதீங்க, ஒண்ணும் சொல்லாதீங்க" என்றேன். கைதட்டினார்கள். விலைக் கணக்குக்காக வாடகை விசாரித்து அவர் வந்தபோது வரிசை வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். சிங்கவரத்திலிருந்து வேலைக்கு வரும் கஸ்தூரி, தனக்குத் தெரிந்த இரண்டு கடைகளிலும் சொல்லி வைத்தாள். அவர்கள் வேண்டுமென்றே தப்பான விலை சொன்னார்கள். அக்கா அவற்றை எழுதிக்கொள்ளாமல், வெயிலில் வேறு கடை தேடிப் போனாராம். எனக்கு அதைக் கேட்டபோது சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

அப்படியே ஆண்டுகள் ஓடின. பஞ்சப்படி பாதியாகவே இருந்தது. கடைசியில் விழுப்புரத்தில் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். விசாரணைக்குத் தேதி கொடுத்தார்கள். முதலாளி, செஞ்சியில் வாழ்க்கைச் செலவு குறைவு என்பார். இல்லை, சென்னைக்குச் சமம் என்று நாம் நிரூபிக்க வேண்டும் என்று நான் முடிவு செய்தேன். ஒரே நாளில் பஜாரைச் சுற்றி நானே ஒரு விலைப்பட்டியல் தயாரித்தேன். சில இடங்களில் கொஞ்சம் கூட்டிப் போட்டேன். நல்ல காரியத்துக்குத்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

விசாரணையில் முதலாளி பக்கத்து வக்கீல் என் பட்டியலைக் கையில் வாங்கி மெதுவாகப் படித்தார். "இந்த எலுமிச்சம்பழம், பூசணிக்காய் விலையெல்லாம் எந்தத் தேதியில எடுத்ததும்மா?" என்று கேட்டார். தேதியைச் சொன்னேன். அவர் தன் போனில் காலண்டரைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "அன்னைக்கி அமாவாசை. ஊர் சனமே எலுமிச்சம்பழம் வாங்கினு மேல்மலையனூருக்குப் போயிருக்கும். அந்த விலைய வச்சா வருஷம் பூரா சம்பளம் கேக்கறீங்க?" அங்கிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எந்தக் கடை, எவ்வளவு எடை என்று அடுத்தடுத்துக் கேட்டார். அதையெல்லாம் நான் குறித்தே வைக்கவில்லை. அதிகாரி கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தேதி கொடுத்து, "சரியா தயார் பண்ணிகினு வாங்கம்மா" என்றார். என்னோடு வந்திருந்த பெண்கள் திரும்பும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்கள் முன்னால் போன பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். நான் அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.

அந்தப் பஸ்ஸில் சகுந்தலா அக்கா இருந்தார். என் பக்கத்து இடம் காலியாக இருக்கவே வந்து உட்கார்ந்தார். இன்றைக்குப் பார்த்து இவர் எதற்கு விழுப்புரம் வந்தார், முதலாளி கூட்டி வந்திருப்பாரோ என்றுதான் எனக்குத் தோன்றியது. என் மடியில் கிடந்த பட்டியலை அவர் ஓரக்கண்ணால் பார்த்தார்.

"எல்லாம் ரவுண்டா இருக்குது. கடையில விலை இப்படி ரவுண்டா நிக்காதும்மா" என்றார்.

நான் பட்டியலை மடித்தேன். அவர் விடவில்லை.

"உங்க முதலாளி இன்னா சொல்றாரு?"

"இங்க விலைவாசி கம்மின்னு."

"நீங்க?"

"ஜாஸ்தின்னு."

"அப்ப ரெண்டு பேரும் கத்தரிக்காயப் பத்தியே பேசியிருக்கீங்க. கூலியப் பத்தி யாரு பேசினது?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். "செஞ்சியில வாடகை கம்மிதான். அதை நான் மறைக்கமாட்டேன். ஆனா புள்ளைக்கிக் காய்ச்சல் முத்திட்டா விழுப்புரம் ஓடணும், இல்லன்னா பாண்டி ஓடணும். அந்த பஸ் காசை யாரும் வாடகையோட சேத்துப் பாக்கறதில்ல. சோப்பு மெட்ராஸ்ல எவ்ளோவோ சிங்கவரத்துலயும் அவ்ளோதான். கம்பெனிக்காரன் ஊரைப் பாத்து விலை போடறதில்ல. முதலாளிங்கதான் ஊரைப் பாத்துக் கூலி போடறாங்க."

"அப்ப அதையே எழுதிக் குடுங்களேன். ஆபீஸ்ல வந்து சொல்லுங்களேன்" என்றேன். கொஞ்சம் ஏளனமாகத்தான் சொன்னேன்.

"மாட்டேன். என் வேலை அது இல்ல. ஆனா ஒண்ணு கேக்கறேன். கவர்ன்மென்ட் போட்ட கூலி ஆணையைப் படிச்சீங்களா? உங்க மில்லு ஆபீஸ்லயே மாட்டி வச்சிருக்கணும். பஞ்சப்படி எந்த ஊரு விலைய வச்சின்னு அதுல போட்டிருக்கும். போய்ப் படிங்க. நான் எழுதற கத்தரிக்காய்க்கும் உங்க சம்பளத்துக்கும் சம்பந்தமே கிடையாது."

வழியில் ஊர்களையெல்லாம் தாண்டி பஸ் செஞ்சிக்குள் நுழைகிற வரைக்கும் நான் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நீங்களாக இருந்தால் மறுநாளே போய் ஆணையைப் படித்திருப்பீர்கள். நான் படிக்கவில்லை. எங்கள் கையில் இருப்பதே விலைவாசி என்ற ஒரே வாதம். அதை விடவைக்கத்தான் முதலாளி இவரை என் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். கஸ்தூரியைக் கூப்பிட்டு, வாரத்தில் அவளுக்கு வேலை இல்லாத நாளில் அந்தம்மாவின் பின்னாலேயே போய், எங்கே போகிறார், யாரிடம் பேசுகிறார் என்று பார்த்துவரச் சொன்னேன்.

முதல் வாரம் கஸ்தூரி வந்து சொன்னாள்: "காலையில இருந்து பதினோரு கடை ஏறி எறங்குச்சி. மத்தியானம் கோட்டை ரோட்டுல மர நெழல்ல உக்காந்து டப்பால எடுத்துகினு வந்த சோத்தைத் துன்னுச்சி. ஒரு டீ கூடக் குடிக்கல."

இரண்டாம் வாரமும் அதே. மூன்றாம் வாரம் கஸ்தூரி வந்தபோது அவள் கையில் ஒரு குடை இருந்தது.

"இன்னாடி இது?"

"அந்தம்மா குடுத்துச்சி. சாலையோரமா தூரமா நடந்துகினு இருந்தேனா, டக்குனு திரும்பி, 'வளர்மதி அனுப்பினாங்களா?'ன்னு கேட்டுச்சி. நான் பேந்தப் பேந்த முழிச்சேன். 'வெயில்ல எதுக்கு தூரமா வர்றே, பக்கத்துல வந்து பாரு, அப்பதான் சரியா தெரியும்'னு சொல்லி என்னையும் கூட்டினு போச்சிக்கா. சாயந்தரம் பஸ் ஸ்டாண்டுல இதையும் குடுத்துட்டுப் போச்சி."

கஸ்தூரி சொன்னதில் இன்னொன்று இருந்தது. ஒரு கடையில் பிஸ்கட் பாக்கெட்டின் விலை மாறவில்லை என்று கடைக்காரர் சொல்ல, அக்கா பாக்கெட்டைத் திருப்பி எடையைப் படித்தாராம். போன மாதத்தைவிடச் சில கிராம் குறைந்திருந்ததாம். "விலை ஏறலன்னு சொன்னா, பொட்டலம் எளச்சிருக்கான்னு பாக்கணும் கஸ்தூரி. இதையும் ஏத்தம்னுதான் எழுதணும்" என்றாராம். முதலாளிக்காக விலையைக் குறைத்து எழுதுகிறவர் எதற்குப் பிஸ்கட்டின் இளைப்பைத் தேடி எழுத வேண்டும்? அந்த இடத்தில்தான் என் சந்தேகம் முதல்முறையாக அவரை விட்டு வேறு பக்கம் திரும்பியது.

மறுநாள் மில் அலுவலக அறைக்குள் போனேன். சுவரில் ஒரு பெரிய சாமிப் படக் காலண்டர் தொங்கும். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, அதே ஆணியில் ஆண்டுதோறும் புதுக் காலண்டர் மாறுமே தவிர இடம் மாறாது. மேனேஜர் டீக்கு வெளியே போன நேரம் பார்த்துக் காலண்டரைத் தூக்கினேன். பின்னால் பசை போட்டு ஒட்டிய பழுத்த தாள் ஒன்று. தமிழில்தான் இருந்தது. ஊரின் தரத்தைப் பொறுத்து அடிப்படைக் கூலி மாறும். பெரிய ஊருக்கு ஒன்று, எங்களுடையது போன்ற பேரூராட்சிக்கு ஒன்று. அதற்குக் கீழே பஞ்சப்படி. அது சென்னை நகர விலைவாசிக் கணக்கை வைத்துத்தான் கணக்கிடப்படும், எல்லா ஊருக்கும் ஒன்றுதான் என்று எழுதியிருந்தது.

இரண்டு முறை படித்தேன். தாள் பழையது, இப்போது மாறியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தது. விழுப்புரம் போய்ப் புதிய ஆணையின் நகலை வாங்கினேன். பஞ்சப்படி பற்றிய அந்த வாக்கியம் மாறவில்லை. செஞ்சியில் கத்தரிக்காய் என்ன விலை விற்றாலும் எங்கள் பஞ்சப்படியில் ஒரு பைசா கூடவும் குறையவும் போவதில்லை. இத்தனை காலமும் முதலாளி எங்களை விலைவாசி பற்றி வாதாட வைத்தார், நாங்களும் வாதாடினோம். அவர் மூட்டிவிட்ட சண்டையை நான் எடுத்துக்கொண்டு போய் ஒரு விலைக்காரப் பெண்ணிடம் போட்டிருக்கிறேன்.

அடுத்த விசாரணையில் நான் ஒரே ஒரு தாளைத்தான் கொண்டுபோனேன். வக்கீல் வழக்கம்போல வாழ்க்கைச் செலவு என்று தொடங்கினார். "ஐயா, செஞ்சியில எல்லாம் இலவசமா கிடைக்குதுன்னே வச்சிக்குங்க. ஆணையில இருக்கறதைக் குடுக்கச் சொல்லுங்க" என்றேன். அதிகாரி ஆணையைப் படித்துப் பார்த்தார். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அந்த மாதத்திலிருந்து முழுப் பஞ்சப்படி. பழைய பாக்கி முழுதாக வரவில்லை, பேரம் பேசி ஒரு பகுதிதான் வந்தது. ஆனாலும் சங்கத்துப் பெண்கள் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அன்று சாயந்தரம் நானும் கஸ்தூரியும் அக்கா வீட்டுக்குப் போனோம். ஓர் அறையும் சமையல் மூலையும் உள்ள வாடகை வீடு. அவர் கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரே மகன் ஒரகடத்தில் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. "அவனுக்கு இங்கத்தைவிட சம்பளம் ஜாஸ்தி. ஆனா மாசக் கடைசியில போன் பண்ணா அவனுக்கும் எனக்கும் ஒரே பேச்சுதான்" என்று சிரித்தார். அங்கேதான் கஸ்தூரி அதைக் கேட்டாள்: "உங்களுக்கு எவ்ளோக்கா குடுக்கறாங்க?"

அவர் ஒளிக்காமல் சொன்னார். ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. நடை, பஸ், வெயில் எதுவும் அதில் சேராது. மனக்கணக்காகக் கூட்டிப் பார்த்தேன். எங்கள் களத்தில் நெல் தள்ளுகிற பெண்ணுக்கு வருவதைவிடக் குறைவாக இருந்தது. சில விலை கிடைக்காமல் படிவம் காலியாகப் போனால் அதற்குக் காசும் கிடையாது. நான் கூட்டத்தில் பேசிய பிறகு கதவுகளைச் சாத்தினோமே, அந்த மாதங்களில் அவருக்கு எவ்வளவு போயிருக்கும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரும் சொல்லவில்லை.

"அக்கா, உங்களை ஓனர் ஆளுன்னு சொன்னது நான்தான்" என்றேன். அன்றுதான் முதல்முறையாக அவரை அக்கா என்று கூப்பிட்டேன்.

"தெரியும்."

"தப்பு பண்ணிட்டேன்."

"சந்தேகப்பட்டது தப்பில்ல வளர்மதி. எடுத்த சந்தேகத்தைப் பாதியிலயே விட்டுட்டே பாரு, அதான் தப்பு. கடைசி வரைக்கும் போய்ப் பாத்திருந்தா ஆறு வருஷம் ஆயிருக்காது."

அதன்பின் நான்கு ஆண்டுகள். வெள்ளிக்கிழமைச் சந்தை முடிந்தால் எங்கள் எடைமேடைப் பக்கம் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். மில்லில் எதையும் விசாரிக்கமாட்டார். நானும் கத்தரிக்காய் விலையைக் கேட்கமாட்டேன். உங்களுக்கும் ஒரு சங்கம் வைக்கலாம், உங்களைப் போல மாவட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பலமுறை கேட்டேன். "நாங்க தொழிலாளியே இல்லியாம். காண்ட்ராக்ட் பேப்பர்ல அப்படித்தான் போட்டிருக்குது" என்று சொல்லி எழுந்துவிடுவார். இவ்வளவு துல்லியமான ஒரு பெண் தன் கூலிக்காக ஏன் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை? பயமா, அலுப்பா, வேறு ஏதாவது கட்டாயமா? எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் தீர்த்துக்கொள்ள முயன்றேன். ஒரு நாள் நேராகவே கேட்டேன். "அன்னைக்கி ஓனர் வீட்ல உக்காந்து இன்னாக்கா பேசினீங்க?"

"அவர் வுட்டிருக்கற வூடுங்களுக்கு வாடகை கேட்டேன்."

"வேற?"

"காபி குடுத்தாங்க. சர்க்கரை கம்மி."

அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் எதையோ மிச்சம் வைக்கிறார் என்று எனக்குள் பழைய முள் மறுபடியும் குத்தியது. பழகிவிட்ட பிறகு குத்துகிற முள் இன்னும் கூர்மையாக இருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்கா வீட்டு வாசலில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். மகன் ஒரகடத்திலிருந்து வந்துகொண்டிருந்தான். காந்தி பஜார்க் கடைக்காரர்கள் பலர் கடையைப் பாதி சாத்திவிட்டு வந்து நின்றார்கள். ஒரு ரூபாய்க்குக்கூடச் சாமான் வாங்காத ஒருவருக்கு அத்தனை கடைக்காரர்கள் வந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் எங்கள் முதலாளியின் கார் வந்து நின்றது. பெரிய மாலையோடு இறங்கினார். என் கண் அவர் மேலேயே இருந்தது. மாலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது நான் எழுந்து குறுக்கே நின்றேன்.

"இவங்களை உங்களுக்கு எப்படித் தெரியும் முதலாளி?"

அவர் என்னைப் பார்த்தார். சாவு வீடு என்பதாலோ என்னவோ, எப்போதும் பேசுகிற குரலில் பேசவில்லை. "வீட்டு வாடகை கேட்டு வருவாங்க. நான் அஞ்சாறு தடவை கேட்டிருக்கேம்மா. செஞ்சியில விலைவாசி கம்மின்னு ஒரே ஒரு பேப்பர், கையெழுத்துகூட வேணாம், சும்மா எழுதிக் குடும்மான்னு. காசு குடுக்கறேன்னும் சொன்னேன். குடுக்கல. காட்டக் கூடாதுன்னுட்டாங்க" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "உனக்காவது குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

அவர் குரலில் இருந்தது உண்மையான சந்தேகம். எனக்கு மட்டும் அக்கா கணக்கைக் கொடுத்திருப்பார் என்று அவர் நாலு ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். "எனக்கும் குடுக்கல" என்றேன். காசு தருகிறேன் என்று சொன்னதை அவர் ஒப்புக்கொண்டார். அக்கா அதை என்னிடம் ஒருபோதும் சொல்லவில்லை. தன் பெயருக்கு வந்த பழியைத் துடைக்க அந்த ஒரு வாக்கியம் போதும். அதைக்கூட அவர் வெளியே எடுக்கவில்லை. கேட்டவர் பெயரும் காட்டக் கூடாத கணக்கில் சேர்ந்தது என்று நினைத்தாரோ என்னவோ. இதிலும் எனக்கு முழு விடை கிடைக்கவில்லை. இனிக் கிடைக்கப் போவதும் இல்லை.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கஸ்தூரி என் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று இந்த நாட்களில் யோசித்தேன். அவர் கற்றுக்கொடுத்ததாக எதையும் சொல்ல முடியாது; அவர் யாருக்கும் பாடம் நடத்தியவர் அல்ல. அவரிடம் நான் செய்த தப்பிலிருந்து ஒரு பழக்கம் மிஞ்சியிருக்கிறது. ஒருவரைச் சந்தேகப்படுவதற்கு முன், அவருக்கு என்ன கூலி என்று கேட்கிறேன். அந்த ஆறு ஆண்டுகளில் ஊரில் எல்லாப் பொருளின் விலையும் எனக்குத் தெரிந்திருந்தது. விலை கேட்டு வந்தவருக்கு என்ன கிடைக்கிறது என்பதை மட்டும் நான் கேட்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை சந்தையில் புதிதாக ஒரு பெண் நின்றிருந்தார். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். தோளில் பை, கையில் படிவம். வெண்டைக்காய்க்காரரிடம் விலை கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். நான் அருகில் போனேன். என்ன எழுதினீர்கள் என்று கேட்கவில்லை.

"உங்களுக்கு ஒரு படிவத்துக்கு எவ்ளோ தர்றாங்கம்மா?" என்றேன்.

அவர் சட்டென்று படிவத்தை மார்போடு அணைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாரு? இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

என் பெயரைச் சொன்னேன். சங்கத்தின் பெயரைச் சொன்னேன். மில் எங்கே இருக்கிறது, எடைமேடையில் எந்த நேரம் இருப்பேன் என்பதையும் சொன்னேன். நான் சொன்னது எதையும் அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "விசாரிச்சிப் பாத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வருவாரா என்று தெரியாது. அடுத்த வெள்ளிக்கிழமையும் நான் சந்தைக்குப் போவேன்.